எளிமையை ரசிப்பது எப்படி: திருப்பாலைத்துறைக் களஞ்சியம்

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் பாலைவனநாதரைத் தரிசித்துத் திரும்புகிறவர்களில் பலர், கோயில் வளாகத்தில் நிற்கும் செங்கல் நெற்களஞ்சியத்தை ஒரு பார்வையோடு கடந்துவிடுகிறார்கள். தஞ்சை நாயக்கர் ஆட்சியில், 1600க்கும் 1634க்கும் இடையே எழுந்த அது, ஏறத்தாழ 36 அடி உயரமும் 86 அடி சுற்றளவும் உடையது. 3000 கலம் நெல் கொள்ளும். சிற்ப வேலைப்பாட்டை நாடிச் செல்லும் கண்ணுக்கு அங்கே தங்க இடமில்லையாயினும், எளிமை என்னும் அரிய குணத்தை அறிய விரும்புகிறவர் அரைநாள் தங்கிப் பார்க்கத்தக்க கட்டடம் அது.

முதலில் அதை நிதானமாகச் சுற்றி வாருங்கள். மூலை ஒன்றும் தட்டுப்படாது. குவித்த நெல் எப்போதும் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சதுரக் கட்டடமாயின் நேர்ச்சுவர் நடுவில் பிதுங்கவும் மூலைகள் விரியவும் இடமுண்டு. வட்டச்சுவரோ அந்தப் பாரத்தைச் சுற்றளவு முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டுவிடுகிறது. அதே நீளச் சுவருக்குள் மிக அதிகமான இடத்தை அடைத்துத் தருவதும் வட்டமே. தானியம் ஒதுங்கிக் கெடுவதற்கு மூலை வைக்காததும் அதுவே. தீர்மானம் ஒன்று, பிரயோஜனம் மூன்று.

அடுத்து, அண்ணாந்து பாருங்கள். கூம்பிய முடி மழைநீரை நிற்கவிடாமல் வழியவிடுகிறது. களத்தில் கொட்டிய நெல்லும் தானாகவே கூம்பாய்க் குவிவதால், தானியத்தின் சுபாவமும் கூரையின் வடிவமும் இசைந்துபோகின்றன. மேலேயும் நடுவிலும் அடியிலுமாக உள்ள திறப்புகளையும் கவனியுங்கள். மேலே கொட்டிக் கீழே எடுத்தால், நெல்லை இறக்கும் வேலையை நெல்லின் பாரமே செய்துவிடும்.

இனி, மனத்தால் ஏதேனும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். அழகுக்கு ஒரு விளிம்பு வைத்தால் அதில் நீர் தங்கும். கம்பீரத்துக்கு ஒரு கோணம் வைத்தால் அதில் விரிசல் காத்திருக்கும். இவ்வளவையும் ஆலோசித்து விலக்கிய பிரயாசை கட்டடத்தில் எங்கும் தென்படாததனாலேயே, எளிமையைச் சுலபம் என்று எண்ணி ஏமாறுகிறோம்.

இதே பரீட்சையை, அந்தப் பாபநாசத்தின் பெயரையே தாங்கிய இசைப்புலவர் பாபநாசம் சிவன் (1890–1973) கீர்த்தனைகளிலும் செய்யலாம். வடமொழிச் சொற்களுக்குப் பெரியதோர் அகராதியே தொகுத்த அந்த வித்வான், தம் பாட்டுக்குப் பாமரரும் பொருள் உணரும் தமிழைத் தேர்ந்தெடுத்தார். ஆகவே, எளிய படைப்பு எதன் முன் நின்றாலும், படைத்தவர் அறிந்திருந்தும் சேர்க்காமல் விட்டவை எவை என்று கேளுங்கள். ரசனை அங்கே தொடங்குகிறது.