தைக்காத ஆடையும் தமிழ் வரலாற்றுப் புதினமும்

மன்னனின் பெயரும் போரின் ஆண்டும் பிழையின்றி அமைந்துவிட்டால் வரலாற்றுப் புதினம் தன் கடனைத் தீர்த்துவிட்டதாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அம்மன்னன் என்ன உடுத்தியிருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. தஞ்சையைக் களமாகக் கொண்ட தொடர்கதைகளில் சோழ இளவரசர் பலர் ஜரிகைக் கரையிட்ட நீள அங்கியுடன், தோளில் சால்வை புரள, அரசவைக்கு வருகின்றனர். இந்தக் கோலத்தை அவர்களுக்கு அளித்தது கல்வெட்டன்று, செப்புத் திருமேனியுமன்று. நாடகக் கம்பெனியின் உடைப்பெட்டி. ஜரிகை, சால்வை என்னும் இரண்டுமே பாரசீக வேர் கொண்ட சொற்கள். கதாசிரியர் தம் காலத்துத் தமிழில் எழுதுவதில் தவறில்லை. சொல்லோடு சேர்ந்து பொருளும் நுழைந்துவிடுவதே இங்குச் சிக்கல்.

சான்றுகள் அரிதானவை அல்ல. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்வழியில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தார். அங்கே தில்லைக் கூத்தனை வணங்கும் அரசனின் மார்பு திறந்தே இருக்கிறது. ஆடல் மகளிரின் மேனியை மூடுவன பெரும்பாலும் அணிகலன்களே. அரசனுக்கும் அடுத்தவனுக்கும் உள்ள வேறுபாடு தையலின் வெட்டில் தெரிவதில்லை; நூலின் நயத்திலும், கொசுவத்தின் மடிப்பிலும், கழுத்தின் முத்திலும் தெரிகிறது. அக்கோயிற் கல்வெட்டுகள் ஒவ்வோர் அணியிலும் கோத்த முத்துகளை எண்ணி, வகை பிரித்து, எடையிட்டுச் சொல்வதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதே செய்தியை அரபு நூலொன்றும் உறுதிப்படுத்துகிறது. ஹிஜ்ரி 237இல், அதாவது கி.பி. 851இல், தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் நூல், வணிகர் சுலைமானின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். இந்தியர் இரண்டு 'ஃபூத்தா' உடுத்துவர், ஆணும் பெண்ணும் பொன்னும் மணியும் இழைத்த காப்புகள் அணிவர் என்று அந்நூல் குறிக்கிறது. ஃபூத்தா என்பது தைக்காத துணி. இஹ்ராமின் இரு தைக்காத துணிகளை அறிந்த ஒருவருக்கு இக்காட்சி அருவருப்பாகப் பட்டிருக்க நியாயமில்லை. குறிப்பிலும் ஏளனத்தின் சாயல் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் கரைக்கு வந்த மார்க்கோ போலோவோ, அந்நாட்டில் துணி வெட்டித் தைக்கத் தையற்காரனே இல்லை என்று வியந்து எழுதினார்.

1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னுக்காகக் கல்கி ஓவியர் மணியத்தையும் உடனழைத்துக்கொண்டு இலங்கை சென்றார். அந்த உழைப்பின் பயன் மணியத்தின் கோடுகளில் தெரிகிறது. நம் நினைவில் குந்தவைக்கு ஆடை உடுத்தியவர் கல்கி அல்லர், மணியமே என்றுகூடச் சொல்லலாம். கல்கியின் எழுத்து ஆடையை நாகரிகமாகக் கடந்து சென்றுவிடுகிறது. சாண்டில்யன் கடந்து செல்வதில்லை. ஆனால் அவர் வர்ணனையில் கச்சு ஓர் உடையாக இல்லாமல் காமக் குறிப்பாகிவிடுகிறது. திறந்த மேனி இயல்பாயிருந்த சமூகத்தை, அதனைக் கண்டு பதறும் பிற்காலக் கண்ணால் பார்த்ததன் விளைவு இது. ஒருவர் கூச்சத்தால் மூடினார். மற்றவர் கிளர்ச்சிக்காகத் திறந்தார். இருவரிடமும் சோழர் காலத்து இயல்பு கைகூடவில்லை. இத்தனைக்கும் தமிழில் சொல் வறட்சி இல்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் முப்பதுக்கும் மேற்பட்ட துணிவகைகளை அடுக்குகிறார்: கோசிகம், பீதகம், அரத்தம், சித்திரக்கம்மி, பொன்னெழுத்து, தேவகிரி... பொன்னெழுத்து என்றொரு பெயர் கையில் இருக்க, ஜரிகையைத் தேடிப் போவானேன்?

தைத்த ஆடை தமிழருக்கு முற்றிலும் அந்நியமாக இருந்ததில்லை என்பதும் உண்மையே. முல்லைப்பாட்டு அதனை 'மெய்ப்பை' என்கிறது. ஆனால் அதனை அணிந்து நிற்பவர் பாசறைக் காவலரான யவனர். தென்னாட்டு அரசவையில் நீள அங்கி மதிப்புக்குரிய உடையாக ஊன்றியது விஜயநகரக் காலத்தில். 'கபாயி' என்ற அந்த அங்கியின் பெயர் அரபுமொழியின் 'கபா'விலிருந்தும், 'குல்லாயி' பாரசீகக் 'குலா'விலிருந்தும் வந்ததை ஃபிலிப் வாகனர் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை விரிவாகக் காட்டுகிறது. ஆக, நம் புதினங்களில் சோழனுக்குக் கம்பீரம் கூட்டும் அந்த அங்கி, இஸ்லாமிய உலகத்தோடு கொண்ட உறவால் தென்னகம் பிற்காலத்தில் பெற்ற உடை! அதையே அணிவித்து அவனைத் 'தூய' தமிழ் மன்னனாக நிறுத்துகிறோம்.

கொடுத்தவர்களுக்குப் புதினம் என்ன உடுத்துகிறது? கல்கியின் கதையில் வந்தியத்தேவன் அரபியர் கையில் சிக்கும் கப்பற் காட்சி வாசகர் பலருக்கும் நினைவிருக்கும். அங்கிருந்து இன்றைய திரை வரை, அரபி என்றால் முரட்டுத் தாடி, தொளதொளத்த கால்சராய், இடையில் வளைந்த கத்தி. நாடக மேடையில் குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பியும் சேர்ந்துகொள்ளும். துருக்கியின் இரண்டாம் மஹ்மூத் 1829இல் அதிகாரிகளுக்கு விதித்த தொப்பியைப் பத்தாம் நூற்றாண்டுக் குதிரை வணிகன் எப்படி அணிந்தான்? சோழனின் உடையில் நேரும் பிழை அவனை உயர்த்துகிறது; அரபியின் உடையில் நேரும் பிழை அவனை வேடிக்கைப் பொருளாக்குகிறது. எனவே இதனை அழகியல் குறை என்று மட்டும் ஒதுக்க இயலாது.

சரியான உடைக்கும் சான்று இருக்கிறது. ஹரீரியின் 'மகாமா'த்திற்கு வாஸித்தி 1237இல் தீட்டிய ஓவியங்களில் வணிகரும் கல்விமான்களும் அகன்ற கையுடைய நீள அங்கியில் வருகின்றனர். மேற்கையில் 'திராஸ்' பட்டை, தலையில் தலைப்பாகை. அதே நூலின் கப்பல் ஓவியத்தில் பாயும் கயிறும் கையாளும் மாலுமிகளோ இடையில் மட்டும் துணி சுற்றியவர்கள். முதலாம் இராசராசன் காலத்து நாகப்பட்டினத் துறையை எழுதப் புகும் ஒருவர் இந்த ஓவியத்தையும் பெரிய கோயில் ஓவியங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். சூடாமணி விகாரத்தின் நிழல் விழும் அக்கரையில் சரக்கு இறக்கும் அரபு மாலுமியையும், அதைச் சுமந்து செல்லும் சோழநாட்டுக் கூலியாளையும் இடுப்புத் துணியை வைத்து வேறு பிரிப்பது அவருக்கு எளிதாக இராது.