சூட்டுக்கா, காற்றுக்கா?

சாரல் காலத்தில் குற்றாலச் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் சரக்கு லாரிக்குப் பின்னால் மாட்டினாலும் இதே கதிதான். வெளியே குளுகுளுவென்று இருக்க, சக்தி கூட்டிய டர்போ காரின் சூட்டு முள் மட்டும் ஏறும். ‘சர்ஜ் டேங்க் போட்டால் சரியாகிவிடும்’ என்பார்கள். பாதிதான் சரி.

அந்தத் தொட்டி சூட்டைத் தணிக்காது. கூலன்டில் சிக்கிய காற்றைப் பிரிக்கும், அவ்வளவே. அதுவும் சின்ன வேலையில்லை. எஞ்சின் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டி ஆவிக்குமிழி தங்கினால் உலோகத்தில் கூலன்ட் படாது. ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். ரேடியேட்டரைத் தாழ்த்திப் பொருத்திய காரில் ஹெட்தான் உயரமான இடம். அங்கே சேரும் காற்று ரேடியேட்டர் மூடிக்கு இறங்கி வராது. அந்தக் காருக்கு இந்தத் தொட்டி அவசியம்.

கோளாறெல்லாம் பொருத்துவதில்தான். தொட்டி எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். ஹெட்டிலிருந்தும் ரேடியேட்டர் உச்சியிலிருந்தும் 6 மி.மீ. அளவில் மெல்லிய ஹோஸ். தொட்டியின் அடியிலிருந்து வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்கு 19 மி.மீ. போலத் தடித்த ஹோஸ். ‘நிறைய ஓடட்டுமே’ என்று மேல் ஹோஸையும் தடியாகப் போட்டுவிடுகிறார்கள். சூடான கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் தொட்டி வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது. போதாக்குறைக்கு, தொட்டிக்குள் நுரைத்து, பிரிந்த காற்றையும் கூடவே இழுத்துப்போகிறது. காசு கொடுத்து வாங்கிய வினை!

தொட்டியின் மூடியையும் லேசாக எண்ணக் கூடாது. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ மூடிக்குக் கீழே சுமார் 129 வரை தாங்கும். ரேடியேட்டரில் பழைய மூடியை அப்படியே விட்டுவிட்டால், இரண்டில் எது குறைந்த அழுத்தத்தில் திறக்கிறதோ அதுவே கணக்கு. தொட்டியைத் தளும்ப நிரப்புவதும் தப்பு. கூலன்ட் விரிய மேலே காலியிடம் வேண்டும்.

மாருதி 800-இன் பாட்டில் அழுத்தமில்லாத சேமிப்புக் குப்பி. அதை சர்ஜ் டேங்க் கணக்கில் சேர்க்க முடியாது. ஃபோக்ஸ்வேகன் போலோவில் கம்பெனியே அழுத்தத் தொட்டி வைத்திருக்கிறது. வேறெதையும் மாற்றாத போலோவில் அதைக் கழற்றிப் பளபளக்கும் அலுமினியத் தொட்டி மாட்டுவது பானட்டைத் திறந்து காட்டத்தான் உதவும். வெல்டிங் மட்டமென்றால் அதிர்வில் விரிசலும் விடும்.

செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று மலையேறும் காரின் ரேடியேட்டருக்கு ஓரளவு கைகொடுக்கும். ஐந்தருவி நெரிசலில் அந்த உதவி கிடைக்காது, ஃபேன்தான் கதி. ஃபேனைச் சுற்றி உறைகூட இல்லாத காருக்கு முதல் செலவு அந்த உறைதான். தொட்டியைப் பிறகு பார்க்கலாம்.