பனி படிந்த ஜன்னல்

பிராக் நகரத்தின் குளிர்காலத்தைப் படம் பிடித்தவர் பலர் உண்டு. ஆயினும், முதல் உலக யுத்தத்தில் வலக்கையைப் பறிகொடுத்த பின்னரும், கனத்த காமிராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு அந்நகரின் சந்துகளிலும் தோட்டங்களிலும் சாவதானமாகத் திரிந்த யோசெப் சூதெக் (1896–1976) கண்ட பனியை வேறெவரும் கண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

1940 முதல் 1954 வரை அவர் தமது சிறிய ஸ்டூடியோவின் ஜன்னலையே திரும்பத் திரும்பப் படமெடுத்தார். அறையின் வெதுவெதுப்பான காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளிகளாகத் திரண்டு வழிய, அதற்கப்பால் முற்றத்து வளைந்த மரமொன்று ஸ்வப்னத்தில் கண்ட உருவம்போல மங்கித் தெரியும், விஷயம் இவ்வளவே. நகரம் நாஜிகளின் வசமிருந்த நாட்களில் தொடங்கிய வேலை இது என்பதை ரசிகர் மறக்கலாகாது. ஒரு தம்ளர் நீர், ஒரு முட்டை, ரொட்டித்துண்டு ஆகிய அற்ப வஸ்துக்களும் அவரிடம் அதே மரியாதையைப் பெற்றன.

பெரிய நெகடிவைக் காகிதத்தின்மேல் நேரே வைத்து, பெரிதாக்காமலே அச்சிடும் முறையை அவர் 1940-இல் கைக்கொண்டதனால், கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலுள்ள சாம்பல் நிறத்தின் நுண்ணிய பேதங்கள் யாவும் சிதையாமல் நிற்கின்றன. பளீரென்ற வெண்பனியைத் தேடி மலைச்சிகரங்களுக்கு ஓடுகிறவர்கள் (அவர்கள் தொகை அதிகம்) இந்தச் சாம்பலின் சௌந்தர்யத்தை அறியமாட்டார்கள்.

ஆகவே இப்படங்களைச் சுவரளவு பெருக்கிய பிரதிகளில் பார்க்க வேண்டாம். கையில் ஏந்திப் பார்க்கத்தக்க சிறிய அளவிலேயே நிதானமாகப் பாருங்கள்.