சிபியின் துலாக்கோலும் கல்லீரல் ஈகையும்

உயிரோடிருப்பவர் தம் கல்லீரலில் ஒரு கூற்றை நோயாளிக்கு ஈவதைப் பாராட்டுவோர், புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபியை உவமை காட்டுவது வழக்கமாகிவிட்டது. புறநானூற்றுப் புலவர்கள் சோழர் குலப் பெருமையாகப் பாடிய கதை அது. ஆயினும் இவ்வுவமை பொருந்துமா என ஆராய்தல் வேண்டும்.

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் பற்றி உவமை தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. பிறிதோர் உயிரைக் காக்கத் தன்னுடலை அரிதல் என்னும் வினையால் இரண்டும் ஒத்தனவே. நிறைகோலும் இரண்டிடத்தும் உண்டு. பெறுபவரின் உடல் எடையில் நூற்றுக்கு 0.8 பங்கு ஈரலேனும் வேண்டும் என்பது மருத்துவர் நெடுங்காலம் கையாண்ட அளவு. 60 கிலோ எடையினர்க்கு 480 கிராம்.

சிபியின் தட்டுச் சமனாகாதபோது அவனே ஏறி அமர்ந்தான். மருத்துவத்தில் அதற்கு இடமில்லை. கொடுப்பவரிடம் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரல் எஞ்சுதல் வேண்டும். எஞ்சாதெனின் ஈகை மறுக்கப்படும். 1993இல் ஜப்பானின் மட்சுமோட்டோவில் வயது வந்த ஒருவருக்கு இடக்கூறு பொருத்தப்பட்டது. இடக்கூறு சிறியது, பெறுபவர்க்குப் போதாமற் போகலாம். 1996இல் ஹாங்காங்கில் வலக்கூறு பயன்பட்டது; பெறுபவர்க்கு அது நன்று, கொடுப்பவர்க்குச் சுமை பெரிது.

பயனை நோக்குவோம். அமெரிக்காவில் 9 மருத்துவ நிலையங்களைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு, காத்திருந்தோரைவிட உயிருள்ளவரிடம் ஈரல் பெற்றோர் இறப்பது குறைவென 2007இல் காட்டியது. அதே ஆய்வு 2008இல், கொடுத்த 393 பேரில் 38 விழுக்காட்டினர்க்குச் சிக்கல் நேர்ந்ததெனவும் காட்டியது. பல சிறியன, சில கடியன. 2003இல் ஜப்பானில் ஈரல் கொடுத்த ஒருவர் உயிரிழந்தார். சிபியைத் தேவர் பழைய உடலோடு எழுப்பினர். ஈரல் கொடுத்தவர்க்கோ எஞ்சிய ஈரல் சில திங்களில் வளர்ந்தே தீரவேண்டும்.

இன்னுமொன்று. சிபி மன்னன், அவனை வற்புறுத்துவார் எவருமிலர். இங்குக் கொடுப்பவர் பெரும்பாலும் மகன், மனைவி, உடன்பிறந்தார். சிபியையே அளவுகோலாக்கினால், அஞ்சி மறுப்பவர் அன்பில்லாதவர் எனப் பழிக்கப்படுவார். மறுக்கும் உரிமை இல்லாதவிடத்து ஈகை என்னும் சொல்லே பொருந்தாது.

ஆதலின் வகுப்பில் சிபியைச் சொல்லும் ஆசிரியர், ஒப்புமையோடு வேற்றுமையையும் சொல்லுக. புறா பிழைத்ததா என்று கேட்கும் மாணவன், கொடுத்தவர் நலமா என்றும் கேட்கப் பழகுதல் வேண்டும்.