வலாதியேரின் தழும்புகள்

பழங்கட்டடத்தைச் சீரமைப்பவர்க்கு இரு கடமைகள் உண்டு. விழுவதைத் தாங்க வேண்டும். தாங்கியது தம் கையே என்பதை ஒளிக்காதிருக்கவும் வேண்டும். இரண்டாவதையும் உணர்ந்த முன்னோடிகளுள் ஒருவராக உரோமையின் ஜுசெப்பே வலாதியேரை (1762-1839) நாம் மதிக்கிறோம். பொற்கொல்லர் ஒருவரின் மகனான இவரே பொப்பொலோ சதுக்கத்திற்கு இன்றைய வடிவம் தந்தவர்.

எருசலேம் கோவிலின் ஏழுகிளை விளக்குத்தண்டை உரோமைப் படைவீரர் சுமந்து செல்லும் சிற்பம் டைட்டஸ் வளைவில் உள்ளது. இடைக்காலத்தில் ஒரு கோட்டையின் சுவருக்குள் அடங்கிப்போன அவ்வளைவு, ஒட்டியிருந்த கட்டடங்கள் அகற்றப்பட்டபின் தானே நிற்கும் வலுவை இழந்திருந்தது. திருத்தந்தை 7ஆம் பத்திநாதர் காலத்தில் ரஃபாயேலே ஸ்டெர்ன் தொடங்கிய பணி, 1820இல் அவர் மறைந்தபின் வலாதியேரிடம் வந்தது. கற்களைப் பிரித்து மீண்டும் அடுக்கிய அவர், இழந்த பகுதிகளைப் பளிங்கால் அன்றி டிராவெர்டைன் கல்லால் நிரப்பினார். பழைய தூண்களில் வரிப்பள்ளங்கள் உண்டு; புதியவை வெறுமையானவை. எஞ்சியிருப்பது வெறும் நகலே என்று பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் சாடினார். நாம் உடன்படோம். தன்னைப் புதியது என்று ஒப்புக்கொள்வது நகலாகாது.

ஆயினும் வலாதியேர் குறையற்றவர் அல்லர். கொலோசியத்தின் கிழக்குப் புறத்தில் ஸ்டெர்ன் எழுப்பிய செங்கற்சுவர், சரியும் கற்களைச் சரிந்த நிலையிலேயே பிடித்து நிறுத்தியது. மேற்கில் 1826இல் முடிந்த தம் பணியிலோ வலாதியேர் வளைவுகளைச் செங்கல்லால் மீளக் கட்டி, பழங்கல்லின் சாயல் தோன்றப் பூச்சும் பூசினார். அங்கே அவருடைய நேர்மை சற்றே தளர்ந்தது என்றே சொல்வோம்.

1823 ஜூலையில் நகர்மதிலுக்கு வெளியே உள்ள புனித பவுல் பேராலயம் தீக்கிரையானது. எஞ்சிய பகுதியைக் காத்து, அதனோடு புதிய ஆலயம் ஒன்றை இணைக்கலாம் என்றார் வலாதியேர். முன்பிருந்தவாறே எழுப்புக என்று 1825இல் திருத்தந்தை 12ஆம் சிங்கராயர் ஆணையிட்டார். திருத்தூதரின் கல்லறைமேல் பழகிய ஆலயத்தையே மீண்டும் காண விழைந்த இறைமக்களின் ஏக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் தீ எரித்ததும் ஆலய வரலாற்றின் ஒரு பகுதியன்றோ?

புதிதாகச் சேர்ப்பவை பழையவற்றினின்று வேறுபட்டுத் தெரிய வேண்டும் என 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் விதித்தது. டைட்டஸ் வளைவு அதனை முன்னரே கல்லில் சொல்லிவிட்டது. உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் காயங்கள் மறையவில்லை. குணமானது என்பதற்குத் தழும்பே சான்று.