'ஆள்' என்னும் சொல்லும் தமிழர் ஆள்தன்மைக் கோட்பாடும்: தஞ்சை வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனிதரை மனிதராக்குவது எது என்பதில் பண்பாடுகள் வேறுபடுகின்றன. தமிழர் கருத்தில் மனிதர் ஊர்மண்ணோடு கலந்தவர் என்பது ஈ. வாலண்டைன் டேனியலின் முடிபு. தஞ்சைப் பண்ணையாளின் நிலையிலிருந்து அம்முடிபை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஆள், ஊர், சேரி, பண்ணையாள், ஆள்தன்மை

முன்னுரை

மனிதர் பற்றிய கருத்துக்கும் வரலாறு உண்டு என்பதை மார்செல் மோஸ் 1938ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் விளக்கினார். உரிமையும் தனி மனச்சான்றும் உடைய 'தனிமனிதர்' மேலை வரலாற்றில் படிப்படியாக உருவான கருத்தே என்பது அவர் வாதம். தெற்காசியாவிற்கு அக்கருத்துப் பொருந்தாது என 1970களில் எழுதிய மக்கிம் மேரியட், உணவாலும் உறவாலும் கொடுக்கல் வாங்கலாலும் பிறரோடு கலந்து மாறுபவராக மனிதரைக் கண்டார். அவ்வழியில் தமிழரை ஆராய்ந்த நூல் டேனியலின் 'ஃபுளூயிட் சைன்ஸ்: பீயிங் எ பர்சன் தி தமிழ் வே' (1984).

டேனியல் காட்டும் ஊர்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குக் 'கலப்பூர்' எனப் புனைபெயரிட்டு, அங்குள்ள ஆறுநாட்டு வேளாளரை மையமாகக் கொண்டு டேனியல் ஆராய்ந்தார். கிராமம் என்பது அரசு வரைந்த எல்லை. ஊர் என்பதோ பேசுபவரைப் பொறுத்து விரிவது, சுருங்குவது. மண்ணின் குணம் அங்கு வாழ்வோரிடம் சேரும். எனவே தமக்கு ஒத்த மண்ணை மனிதர் நாடுவர். 'சொந்த ஊர் எது?' என்னும் வினா முகவரி கேட்பதன்று, 'நீர் யார்?' எனக் கேட்பதே என உணர்த்தியது இந்நூலின் நிலைத்த பங்களிப்பாகும்.

ஊரும் சேரியும்

இக்கோட்பாட்டைக் காவிரியின் கீழ்ப்பகுதியான தஞ்சைக்குக் கொண்டுவரும்போது ஓர் இடர் எழுகிறது. இங்கு அன்றாட வழக்கில் 'ஊர்' என்பது சேரியை உள்ளடக்காது. கேத்லின் கஃப் 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்த 'கும்பப்பேட்டை'யிலும் பள்ளர் குடியிருப்பு வயல்களால் பிரிந்தே இருந்தது. அம்மண்ணில் நாள்முழுதும் உழைத்தவர், அம்மண்ணின் பெயரால் அமைந்த ஊருக்குப் புறத்தவர். மண்ணோடு கலப்பதே ஒருவரை ஊராராக்கும் என்றால், சேற்றில் நின்று நாற்று நட்டவரே முதல் ஊரார் ஆகியிருக்க வேண்டும். ஆகவே கலப்பிற்கு முன்பே, யாருடைய கலப்பு ஏற்கப்படும் என்பதை அதிகாரம் முடிவு செய்துவிடுகிறது.

ஆள் என்னும் சொல்

'ஆள்' என்னும் சொல் இதற்குச் சான்று பகரும். பெயராகும்போது அது மனிதரையும் குறிக்கும், பிறருக்குரிய பணியாளையும் குறிக்கும். வினையாகும்போது ஆட்சியைக் குறிக்கும். பிள்ளையை 'ஆளாக்குதல்' வளர்ச்சி. 'பண்ணையாள்' ஆதல் கட்டுண்ணல். சோழர்காலக் கல்வெட்டுகளில் மனித விற்பனைக்கு 'ஆள்விலை' என்னும் சொல்லே வழங்கியது. அடிமைமுறைக்கான சட்ட ஏற்பை 1843ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பின்னும், கடனாலும் வழக்கத்தாலும் பண்ணைக்கட்டு நீடித்தது. உறவால் அமையும் மனிதர் என்னும் கோட்பாடு, உறவே தளையாகும் இந்நிலையை விளக்கவில்லை.

1940களில் பி. சீனிவாசராவ் முன்னின்று நடத்திய விவசாயத் தொழிலாளர் இயக்கம் சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டலையும் எதிர்த்தது. தன் உடல் பிறர் கைபடாத எல்லையுடையது என்பதே அக்கோரிக்கையின் உட்பொருள். மேலைக் கருத்து என ஒதுக்கப்படும் 'எல்லையுடைய மனிதர்' இங்குச் சேரியின் சொந்தக் கோரிக்கையாக எழுந்தது. 1952ஆம் ஆண்டுத் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளை விருப்பப்படி நீக்குவதற்குத் தடை விதித்தது. ஆனால் காலப்போக்கில் பண்ணையாள் முறை தேய்ந்து, தினக்கூலி முறை பெருகியது. தளை நீங்கியபோது ஆண்டு முழுவதற்குமான பிழைப்புறுதியும் நீங்கிற்று. கூலிப்பூசலின் இடையே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டமை, இவ்வுரிமைக்குக் கொடுக்க நேர்ந்த விலையைக் காட்டும்.

முடிவுரை

மேலைநாட்டார் தனித்தவர், தமிழர் கலந்தவர் என்னும் எதிர்வு பண்பாடுகளுக்கிடையிலான வேற்றுமையைக் காட்டுகிறது. ஒரே வாய்க்கால் நீருண்ட இரு குடியிருப்புகளுக்கிடையிலான வேற்றுமையை மறைக்கிறது. டேனியலின் நூலைக் கைவிட வேண்டியதில்லை. 'தமிழர் மனிதரை எவ்வாறு கருதினர்?' என்பதோடு, 'எந்தத் தமிழர், யாரை?' என்னும் வினாவையும் சேர்த்து அதனைப் பயில்வதே இனிவரும் ஆய்வுகளின் கடனாகும்.