ஒன்பதில் தடக்குப்படும் நாக்கு

பிள்ளைகளுக்கு ஒன்றிலிருந்து பத்துவரை சொல்லித்தரும் ஒரு புத்தகத்தைப் பற்றி விமர்சனம் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டோர்செட் பார்க்கில், கென்னடி வீதிப் பக்கமுள்ள எங்கள் மாடிக்குடியிருப்பில், குசினி வேலை முடிந்து படுத்தெழும்பிய ஒரு காலை, மகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்த மட்டைப் புத்தகமொன்றை என் மடியில் போட்டாள். ஜூலி ஃபிளெற் எழுதி வரைந்த 'வீ ஓல் கவுண்ட்' (2014). கிறீ மொழியின் எண்கள்.

"அப்பா, இது எந்த நாட்டுப் பாஷை?"

"இந்த நாட்டுப் பாஷைதான்" என்றேன். அவள் நம்பவில்லை.

கனடாவின் பழங்குடி மொழிகளில் அதிகம் பேர் பேசுவது கிறீ. கியூபெக்கிலிருந்து அல்பேர்ட்டா வரை பல கிளைகளாகப் பரந்திருக்கிறது. பேயக், நீஸோ, நிஸ்தோ என்று மகளும் நானும் எண்ணினோம். புத்தகத்தின் தலைப்புக்கு 'நாம் எல்லோரும் எண்ணுகிறோம்' என்றும் பொருள், 'நாம் எல்லோரும் கணக்கில் வருகிறோம்' என்றும் பொருள். மனிதரும் விலங்குகளுமே இதில் முன்னுக்கு நிற்கிறார்கள். அகதிக் கோவையின் இலக்கமாக வருடக்கணக்கில் காத்திருந்த எனக்கு அந்த இரண்டாவது பொருள் உறைத்தது.

குறையும் உண்டு. வசனம் ஆங்கிலத்தில் ஓட, கிறீ எண் அதற்குள் விருந்தாளியாக வந்து உட்காருகிறது. கிறீயில் பெயர்ச்சொற்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என இரு இனம். கல்லும் உயிருள்ள இனத்திலேயே சேரும். 'அவை மூன்று' என்று சொல்லும்போது எந்த இனமென்பதற்கேற்பச் சொல் மாறும். நாங்கள் 'மூன்று மாடு' என்றும் 'மூன்று பேர்' என்றும் பிரித்துச் சொல்வதுபோல. எண்ணின் இந்த உயிரோட்டம் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் மட்டைப் புத்தகமொன்றிடம் இதற்குமேல் கேட்பது பேராசைதான்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் நான் கண்ட எண் புத்தகங்களோ இந்த அளவுக்கும் வரவில்லை. ஒரு அப்பிள், இரண்டு கிளி, மூன்று பந்து. பிள்ளை பத்துவரை பாடமாக ஒப்புவிக்கிறது, "உனக்கு எத்தனை வயது?" என்றால் "சிக்ஸ்" என்கிறது.

என் மகள் எண்பத்தொன்பதுக்குப் பிறகு 'ஒன்பதுபது' என்றாள். ஆசிரியை பிழை என்று வெட்டினார். உண்மையில் தடக்குப்பட்டது பிள்ளையல்ல, மொழி. இருபது, முப்பது வரிசையில் நிற்கவேண்டியதுபோல ஒலிக்கும் 'ஒன்பது' ஒற்றை எண்ணாக நிற்கிறது. தொண்ணூறு நூறையும், தொள்ளாயிரம் ஆயிரத்தையும் பிடித்துத் தொங்குகின்றன. ஒன்பதுக்குத் தொல்காப்பியத்தில் 'தொண்டு' என்ற பழஞ்சொல் உண்டு, அது வழக்கொழிந்துவிட்டது. சமவெளிக் கிறீயில் பத்து 'மித்தாத்தத்'. ஒன்பது 'கேகா மித்தாத்தத்', அதாவது 'கிட்டத்தட்டப் பத்து'. எங்கோ பிறந்த இரண்டு மொழிகளும் ஒன்பதில் வந்து அடுத்த படியைப் பார்த்து நிற்கின்றன! இதைச் சொல்லியிருந்தால் மகள் தொண்ணூறை மறந்திருக்கமாட்டாள். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவன் சொல்வது இது, தெரிந்தவர்கள் திருத்தலாம்.

இந்த நாட்டில் 1990களின் பிற்பகுதிவரை இயங்கிய வதிவிடப் பள்ளிகளில், தாய்மொழி பேசியதற்காகப் பழங்குடிப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். டேவிட் றொபேட்சன் எழுத ஃபிளெற் வரைந்து, 2017இல் ஆளுநர் நாயகம் விருது பெற்ற நூல் அந்தப் பள்ளிகளைப் பற்றியதே. ஆகவே அவருடைய எண் புத்தகம் வெறும் எண் புத்தகமல்ல, பறிக்கப்பட்டதைத் திருப்பி வாங்கும் வேலை.

எங்களுக்கு இங்கே யாரும் தமிழைத் தடைசெய்யவில்லை. உணவகத்தில் இடியப்பத்தைத் தமிழில் எண்ணிக் கட்டும் நானே, வீட்டில் "செவின் தேர்ட்டிக்கு வேலை" என்றுதான் சொல்கிறேன். மகள் வேறெங்கே கேட்பாள்? ஆசிரியையைக் குறைசொல்லுமுன் இதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு எண் புத்தகம் வேண்டும். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் அம்மாவும், ஒரே அறையில் தங்கிய ஐந்து பெடியன்களும் அதில் எண்ணப்படவேண்டும். ஒன்பதாம் பக்கத்தில் கொஞ்சம் நின்று, காரணம் சொல்லிப் போகவேண்டும்.